இருநூற்றுப் பதினான்கு முறை கவனித்தோம்

அந்தச் செயலிக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்தவன் எவனோ, அவனை ஒரே ஒரு நாள் என் முன்னால் நிறுத்தினால் போதும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்பேன்.

பள்ளி திறந்த முதல் வாரமே அதை எங்கள் தலையில் கட்டினார்கள். பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அட்டை, வாயைத் திறந்தால் தேன். வகுப்புக்கு ஒரு டேப்லெட், அதை வகுப்பின் ஓரத்தில் நிறுத்தி வைக்க மூன்று கால் தாங்கி. பாடம் எடுக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் வாரம் ஒரு பாடவேளையைப் படம் பிடிக்க வேண்டும். சாயங்காலம் அதைப் போட்டுப் பார்த்து, எங்கே சறுக்கினோம், என்ன கற்றுக்கொண்டோம் என்று எழுத வேண்டும். அன்று மனதில் நின்ற ஒரு பிள்ளையின் வருகைப் பதிவு எண்ணையும் குறிக்க வேண்டும், குறிக்காவிட்டால் சேமிக்காது. எழுதியதைப் படித்து அதுவே நிறம் போடும். ஆழமாகச் சிந்தித்திருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு.

"நீங்க எழுதறத வேற யாரும் படிக்க மாட்டாங்க. இது உங்களுக்கும் உங்க மனசாட்சிக்கும் நடுவுல மட்டும்," என்றார் அவர்.

நான் அதை நம்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன். இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். தேர்ச்சி எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறார்களே தவிர, இன்றைக்கு வகுப்பு எப்படிப் போனது என்று ஒரு ஜீவன் என்னைக் கேட்டதில்லை. கேட்க ஒரு இயந்திரமாவது வந்ததே என்று உள்ளூர ஒரு சந்தோஷம்.

முதல் நாள் உட்கார்ந்து உண்மையை எழுதினேன். காலையில் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து, என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்ததையும், அந்தக் கோபத்தை ரப்பர் கேட்கத் திரும்பிய ஒரு பையன் மேல் கொட்டியதையும், அவன் அந்தப் பாடவேளை முழுக்கத் தலையை நிமிர்த்தாமல் இருந்ததையும், எனக்கே என்மேல் அசிங்கமாக இருப்பதையும் எழுதினேன். சிவப்பு விழுந்தது. கீழே ஒரு குறிப்பு: 'எதிர்மறைச் சொற்கள் அதிகம். தீர்வு கூறப்படவில்லை. அடுத்த முறை வளர்ச்சியை வெளிப்படுத்தவும்.'

மூன்று சிவப்பு சேர்ந்ததும் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார்.

"யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னாங்களே மேடம்?"

"எழுதினத நான் படிக்கல டீச்சர். கலர் மட்டும்தான் எனக்கு வரும். ஸ்கூல் முழுக்கப் பச்சையா இருக்கு, உங்க கட்டம் மட்டும் ரத்தம் கொட்டின மாதிரி இருக்கு. கொஞ்சம் பாத்து எழுதுங்க."

பார்த்து எழுதுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் அறிவியல் வாத்தியார். ஒரு நாள்கூட மஞ்சள் வாங்காதவர் என்பதால் ஆசிரியர் அறையில் அவருக்குப் 'பச்சை சார்' என்று பெயர். மனிதர் ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குப் பாடம் எடுக்கும் ஒன்பது பேருக்கும் அதைப் போனில் அனுப்பினார்.

'இன்று கடைசி வரிசையில் ஒரு மாணவி பின்தங்குவதைக் கவனித்தேன். அவளுக்குத் தனிக் கவனம் அளித்தேன். என் அணுகுமுறையை மாற்றிக்கொண்டேன். நாளை இன்னும் ஆழமாக முயல்வேன். மாணவர் எண்: 31.'

இதையே வாக்கியத்தை முன்னே பின்னே மாற்றிப் போட்டு ஆறு மாதிரி. ஒட்டு, அனுப்பு, பச்சை. சாயங்காலம் மணியடித்ததும் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்து கட்டைவிரலால் ஒட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். 'என்ன அக்கா, மனசாட்சிக்கு சாப்பாடு போட்டாச்சா?' என்று டிராயிங் டீச்சர் கேட்பாள். சிரிப்பேன். நானும்தான் ஒட்டினேன். முதல் தடவை கூசியது, இரண்டாம் தடவை பழகிவிட்டது. எண்ணையாவது மாற்றலாம் என்று ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யார் அந்த முப்பத்தொன்று என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கவும் இல்லை.

ஆண்டு முடிய ஆறு வாரம் இருக்கும்போது செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. இனி எழுதினால் மட்டும் போதாதாம். படத்தில் மூன்று இடங்களில் நிறுத்தி, திரையைத் தொட்டு, அங்கே நடந்ததைக் குறிக்க வேண்டுமாம். ஆக, பள்ளிக்கூடமே முதல் தடவையாகத் தன் படத்தைப் பார்த்தாக வேண்டிய கட்டாயம்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே என் வீட்டுக்காரர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். நான் திட்டிக்கொண்டே பார்ப்பதைக் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"உன் முதுகு ரொம்ப நல்லா வந்திருக்கு. மூஞ்சியத்தான் காணோம். போர்டுக்கா பாடம் எடுக்கற?"

"வாய மூடிட்டுத் துணிய மடிங்க."

மடித்தார். அப்புறம் ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். "அந்தக் கடைசிப் பொண்ணுக்கு என்ன? எல்லாரும் பக்கத்தப் புரட்டின அப்புறம் புரட்டுது. எல்லாரும் சிரிச்ச அப்புறம் சிரிக்குது."

படத்தைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். நான் ஏதோ சொல்கிறேன், முப்பது தலையும் ஒன்றாகக் குனிகின்றன. ஒரு தலை மட்டும் பக்கத்து நோட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகக் குனிகிறது. அதற்கு முந்தைய வாரத்துப் படத்தைப் போட்டேன். அதிலும் அப்படியே. அதற்கு முந்தையது. அதற்கும் முந்தையது. நான் திரும்பி நிற்கும்போதெல்லாம் அவள் கண் பக்கத்தில் இருப்பவள் கையில்தான் இருந்தது. மதிப்பெண் போடக் கொண்டுவந்திருந்த பதிவேட்டைப் புரட்டி அவள் எண் எது என்று பார்த்தேன். போன வருடம் காய்ச்சலில் படுத்து, தாமதமாக வந்து சேர்ந்ததால் கடைசியில் எழுதப்பட்ட பெயர். எண் முப்பத்தொன்று.

எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, மூலையில் இருந்த நோட்டுக் கட்டை அலமாரியில் அடுக்கச் சொன்னேன். அவள் முதுகைக் காட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, "போதும் கண்ணு, நீ போ" என்றேன். அடுக்கிக்கொண்டே இருந்தாள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஊஹூம். டஸ்டரை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தேன். ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா படபடத்துப் பறந்தது. அவள் திரும்பவில்லை.

தோளைத் தொட்டுத் திருப்பினேன். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள்.

"கண்ணு, உனக்குக் காது கேக்குதா?"

"கிட்ட நின்னு கத்திப் பேசினா கேக்கும் டீச்சர். போன வருஷம் ஜுரம் வந்துச்சுல்ல, அதுக்கு அப்புறம் இப்படி. வாயப் பாத்தா புரிஞ்சிடும். நீங்க போர்டுல எழுதிக்கிட்டே பேசுவீங்கல்ல, அப்போதான் ஒண்ணும் தெரியாது."

"வீட்ல சொல்லலயா?"

"எங்க வீட்ல எல்லாருமே கத்தித்தான் பேசுவோம் டீச்சர். அப்பா பஸ் ஓட்டறார். அம்மா பிரஸ்ல மெஷின்கிட்ட வேலை. அங்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

"இங்க ஏன் சொல்லல?"

"புரியலன்னு சொன்னேன் டீச்சர், முதல்ல. கவனிச்சா புரியும்னு எல்லாரும் சொன்னாங்க." பிறகு, ஏதோ எனக்குப் பரிசு கொடுப்பவள் போலச் சிரித்தாள். "நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க டீச்சர்."

அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு நின்றேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு தாளை நீட்டினார். 'கண்ணாடி' ஆண்டறிக்கை போட்டிருந்தது. எட்டு-ஆ, மாணவர் எண் 31. ஒன்பது ஆசிரியர்கள் தனிக் கவனம் அளித்த தடவைகள்: 214. முன்னேற்றம்: இல்லை. பரிந்துரை: மாற்றுப் பள்ளி.

மாற்றுப் பள்ளி என்றால் எனக்குத் தெரியும். படிப்பு ஏறாது என்று முத்திரை குத்திய பிள்ளைகளை அனுப்புகிற இடம். அட்டைப்பெட்டி ஒட்டவும் கூடை பின்னவும் சொல்லித் தருவார்கள். எட்டாம் வகுப்புக் கணக்கெல்லாம் அங்கே கிடையாது. இங்கிருந்து போன ஒரு பிள்ளையும் திரும்பி வந்ததில்லை.

"மேடம், அந்தப் பொண்ணுக்குக் காது கேக்கல. படிப்பு வராம இல்ல. முதல்ல காத டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

"யார் சொன்னா?"

"நானே பாத்தேன். டஸ்டரை அடிச்சேன், திரும்பல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை அவர். அதுதான் இன்னும் எரிச்சல். "டீச்சர், ஒன்பது பேர் இந்தப் பொண்ணோட மல்லுக்கட்டியிருக்கீங்க. காது கேக்கலன்னா ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்காதா? என் கையில இருநூத்துப் பதினாலு பதிவு இருக்கு. உங்க கையில ஒரு டஸ்டர் சத்தம் இருக்கு. நான் எத நம்பணும்? நாளைக்குப் பதினோரு மணிக்கு அம்மா அப்பா வராங்க. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. டெஸ்டெல்லாம் அங்க போய் எடுத்துப்பாங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த இருநூற்றுப் பதினான்கும் டூப், ஒருவர் எழுதி ஒன்பது பேர் ஒட்டியது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஒன்பது பேருடைய வேலை அதில் இருக்கிறது, அதில் ஒன்று என்னுடையது என்பதும் கூடவே வந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். என்னத்தைச் சொல்ல, கோழை.

ஆசிரியர் அறையில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். சிலர் போனை எடுத்துக் குனிந்துகொண்டார்கள். டிராயிங் டீச்சர் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பாவமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகல அக்கா. என்னக் காட்டிக் குடுத்துடாதீங்க."

பச்சை சார் பிஸ்கட்டை டீயில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தார். ஊறிப்போன பாதி டம்ளருக்குள் விழுந்துவிட, அதை விரலைவிட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏன் சார் முப்பத்தொண்ணப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"கடைசி நம்பர். ஞாபகம் வெச்சுக்க ஈஸி." விரலைச் சப்பினார். "அதுவும் இல்லாம, அந்த வீட்ல இருந்து யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. வாயில்லாப் பூச்சிங்க."

"த்தூ!"

"நீங்க எதுக்கு மேடம் துப்பறீங்க? நீங்களும்தான் ஒட்டினீங்க. நான் ஒண்ணும் உங்க கையப் பிடிச்சு ஒட்டல. காது கேக்கலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டும். நாம எதுக்கு நடுவுல தலையக் குடுக்கணும்?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அந்த ஆளைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று, என்னையும் சேர்த்து.

மறுநாள் பதினோரு மணிக்கு அந்த அறையில் நாற்காலி போதவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் சுவரோரமாக நின்றோம். நடுவில் அவளுடைய அப்பா, பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓட்டுநர் சீருடையோடு வந்திருந்தார். அம்மாவின் நகக்கண்களில் அச்சு மை. அவள் இருவருக்கும் பின்னால், கதவோரம் நின்றாள். பிரின்சிபால் அறிக்கையை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

அப்பா எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து நின்றார்.

"இருநூத்துப் பதினாலு தடவையா?" பஸ்ஸில் பேசிப் பழகிய குரல், அறையே அதிர்ந்தது. "ஒரே பிள்ளைக்கா? நான் பெத்த அப்பன், நானே இத்தனை தடவை பக்கத்துல உக்காந்ததில்லையே மேடம். உங்களுக்கெல்லாம் நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

எங்கள் ஒன்பது பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். பச்சை சார் தலையை லேசாகச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டார்! என் உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது.

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "கேட்டியா? இத்தனை பேர் உன் பின்னாடி கிடந்து பாடுபட்டிருக்காங்க. உனக்குக் கொஞ்சமாவது நன்றி இருக்கா? மன்னிப்புக் கேளு!"

அந்தக் கத்தல் அவளுக்குக் கேட்டது. என்ன தப்பு என்று அவளுக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் முன்னால் வந்தாள். சுவரோரம் இருந்த முதல் ஆளிடம் போய், "சாரி சார்," என்றாள். அடுத்தவரிடம், "சாரி டீச்சர்." டிராயிங் டீச்சர் அழுதுவிட்டாள். அப்பா நெற்றியைப் பிடித்தபடி பேனாவை எடுத்தார். அவள் வரிசையாக வந்துகொண்டிருந்தாள். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்தான் பாக்கி.

"கையெழுத்துப் போடாதீங்க," என்று கத்திவிட்டேன்.

மேஜைக்குப் போய் அவருக்கு நேராக நின்றேன். "அண்ணா, அது அத்தனையும் பொய். யாரும் உங்க பொண்ணப் பாக்கல. ஒரே ஒரு ஆள் எழுதினத நாங்க ஒன்பது பேரும் திருப்பித் திருப்பி ஒட்டினோம். பச்சை வாங்கறதுக்காக. நம்பர் போட்டாதான் அது வாங்கிக்கும், அதனால கடைசி நம்பரப் போட்டோம். அவளுக்குப் படிப்பு வராம இல்ல, காது கேக்கல. அது இங்க யாருக்கும் தெரியல, ஏன்னா யாரும் பாக்கல."

"டீச்சர்!" என்றார் பிரின்சிபால்.

"என் போன்ல இருக்கு மேடம். ஆறு மாதிரியும் இருக்கு. ஆறுலயும் அதே முப்பத்தொண்ணுதான், நீங்களே பாருங்க." போனைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். பிரின்சிபால் குனிந்து படித்தார். மேலே தள்ளினார், இன்னும் படித்தார். அவர் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். கும்பிட்ட கையை என்ன செய்வது என்று தெரியாதவர் போல, தன் சட்டையில் துடைத்துக்கொண்டார். அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"ஒரு தடவை கூடவா இல்ல?"

பச்சை சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இதுல நான் கையெழுத்துப் போடல மேடம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். இது எங்ககிட்டயே இருக்கட்டும்." அவர் குரல் அடங்கியிருந்தது. அந்தக் குரலில் அவர் பேசினால் மகளுக்குக் கேட்காது.

அவள் சுவரோரம் பாதி வரிசையில் நின்றபடி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏன் அழுகிறாள், அப்பா ஏன் தாளை மடித்தார், ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம் வந்தாள். மற்றவர்களிடம் போகவில்லை, என்னிடம்தான் வந்தாள்.

"என்ன சொன்னீங்க டீச்சர்? நீங்க அந்தப் பக்கம் பாத்துப் பேசினீங்க, எனக்குத் தெரியல."

இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாக, உதட்டை நன்றாக அசைத்து, அவள் கண்ணுக்கு நேராக. உன்னை யாரும் கவனிக்கல. கவனிச்சோம்னு பொய் எழுதினோம். உன் மேல ஒரு தப்பும் இல்ல. ஒவ்வொரு சொல்லாக என் வாயிலிருந்து அவள் எடுத்துக்கொள்வது தெரிந்தது. முடித்த பிறகும் அவள் கண் என் உதட்டைவிட்டு நகரவில்லை.

"நீங்களுமா டீச்சர்?"

"நானும்தான்," என்றேன். "இருபத்தாறு தடவை."